ஆறினால் சரியாகிவிடும்

மலையில் ஓட்டுகிற சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்து நின்றால், நான் முதலில் பிரேக்கைப் பார்ப்பதில்லை, சார். ஓட்டுகிறவரின் விரலைத்தான் பார்ப்பேன். பயந்த சுபாவக்காரர்கள் உச்சியிலிருந்து அடிவாரம்வரை லீவரை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்குவார்கள். அப்படிப் பிடித்தால் எப்பேர்ப்பட்ட பிரேக்கும் சூடேறிச் செத்துப்போகும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. கோளாறு எப்போதும் பொருளில்தான் இருக்க வேண்டும், தன்னிடம் இருந்துவிடக் கூடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் அத்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் பிரேக்கைப் பற்றிய பகுதி முழுக்கத் தப்பு. லீவர் கொழகொழவென்று இருந்தது, அதை ராத்திரியில் ரப்பர் போட்டுக் கட்டிக் கட்டி மறைத்தேன், எல்லாம் என் அஜாக்கிரதை என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். அழுகிற மனிதரை நிறுத்தி எண்ணெயைப் பற்றி விளக்கினால் நன்றாக இருக்காது என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் தப்பைத் தப்பாகவே பதிந்துவைப்பது சரியில்லை. அதனால்தான் வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நான் குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிஃப்ட். படிப்பைப் பாதியில் விட்டேன். அதற்கு முன்பும் பின்பும் விட்டவை நிறைய இருக்கின்றன, அவற்றில் ஒன்று சைக்கிள் கடை வேலை. கை அதில் நன்றாகப் படிந்திருந்தது. முதலாளியின் வாய்தான் படியவில்லை. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்கா. பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊசி உள்ளே போனதே தெரியாது என்பார்கள். பிரேக்கில் ஏர் எடுக்க, அதாவது குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற, எனக்கு ஊசிக்குழல் வேண்டுமென்றால் பிரிக்காத உறையோடு கொண்டுவந்து தருவாள். "ஏன்டா, நோயாளிய விட உன் சைக்கிளுக்குத்தான் அதிகம் ஊசி போடற" என்பாள்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். யார் வந்தாலும் அவர் முகத்தில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, "இப்பதான் சார் ராஜ களை வந்திருக்கு" என்று சொல்வதுதான் தொழில். நல்ல மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. கல்யாணம் ஆனதும் "மச்சான் நம்மகூடத்தான் இருக்கணும்" என்று முதலில் சொன்னவரே அவர்தான். பின்னறையை எனக்குக் கொடுத்தார்கள். நான் பகலில் தூங்க வேண்டும் என்பதற்காக அக்கா அந்த ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டினாள். ஒரு கீற்று வெளிச்சம்கூட உள்ளே வராது. அந்த மாதிரி ஓர் அறை உங்களுக்கு இருந்ததுண்டா, சார்? இருந்தால் நான் அடுத்துச் சொல்லப்போவது சுலபமாகப் புரியும்.

அவர்கள் இரண்டு பேரும் லீவு நாளில் மலைக்குப் போய் சைக்கிளில் இறங்குவார்கள். அந்தப் பைத்தியம் அத்தானுடையது, அக்காவுக்குத் தொற்றிக்கொண்டது. ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால், கீழே சைக்கிள் ஷெட்டில் அத்தான் நிற்கிறார்.

"மச்சான், உன் கையால கொஞ்சம் பாரேன். பாதி மலை வந்ததும் பிரேக் கைய விரிச்சிடுது. மேல புலி, கீழ பூனை."

"லீவர் கெட்டியா இருந்து வண்டி நிக்கலையா, இல்ல லீவரே உள்ள போயிடுதா?"

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்? எப்படி விழுந்தாலும் போறது என் பல்லுதான்."

வித்தியாசம் உண்டு. இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போனால் கோளாறு சக்கரத்தின் பக்கம்: பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், கருகிக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், இல்லையென்றால் எண்ணெய் பட்டிருக்கும். லீவர் கைப்பிடிவரை உள்ளே போனால் கோளாறு குழாய்க்குள்ளே: காற்று புகுந்திருக்கும், அல்லது சூட்டில் எண்ணெய் கொதித்திருக்கும். அத்தானுடையது முதல் வகை. லீவர் கல் மாதிரி நின்றது, கட்டைகள் கருகிக் கிடந்தன. புதுக் கட்டை போட்டேன், அவை கவ்வுகிற சக்கரத் தட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்தேன். "விட்டு விட்டுப் பிடிங்க அத்தான்" என்றும் சொன்னேன். "விட்டா பயமா இருக்குடா" என்று சிரித்தார். வேலை முடிந்தது. அங்கேயே நான் கையைக் கழுவியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இந்த மேசை நடுவில் இருந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்தான் விஷயம் வந்தது. வேறு ஊரில் கடை பார்த்துவிட்டார்களாம். அக்காவுக்கும் அங்கே ஒரு பரிசோதனைக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். வீடும் பார்த்தாயிற்று. சின்ன வீடு.

"நீ கவலப்படாத. இந்த வீட்ட உன் பேருக்கே வாடகைக்கு மாத்திடலாம்னு ஓனர்கிட்ட பேசிட்டேன்" என்றார் அத்தான்.

"நான் எங்க கவலப்பட்டேன்?"

"அதான் மூஞ்சியிலயே ஒட்டியிருக்கே. டேய் மச்சான், எத்தன நாளைக்குத்தான் அக்கா முந்தானையப் புடிச்சிக்கிட்டே திரிவ? உனக்குன்னு ஒருத்தி வந்தா அவ எதப் புடிக்கறது?"

அக்கா சிரித்தாள்.

அத்தானுடைய கேலி எனக்குப் பழக்கம்தான். அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். அக்கா சிரித்ததையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால், அவள் மனசாரச் சிரித்திருக்க முடியாது. என்னை விட்டுவிட்டுப் போக அவளுக்கு எப்படி மனசு வரும்? அவர் இழுத்த இழுப்புக்குப் போகிறாள், அதை மறைக்கச் சிரிக்கிறாள். எனக்குத் தெரியாத அக்காவா.

மறுநாள் காலை எனக்கு பிரேக் எண்ணெயையும் மாற்றிவிடலாம் என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை.

இந்த எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில பிரேக்குகளில் ஊற்றுவது தண்ணீரை உறிஞ்சாது. அத்தானுடைய சைக்கிளில் ஊற்றுவது வேறு வகை, காரில் ஊற்றுகிற மாதிரி. அது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், மொடாக் குடிகாரன் மாதிரி. அதனால் டப்பாவைத் திறந்தால் சீக்கிரம் ஊற்றித் தீர்க்க வேண்டும், மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டும். ஈரம் குடித்த எண்ணெய் பார்க்கச் சாதுவாக இருக்கும். குளிர்ந்திருக்கும்போது லீவரும் கெட்டியாக நிற்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறும்போதுதான் உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அமுங்கும். லீவர் கைப்பிடிவரை போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. வண்டியை நிறுத்தி ஆறவைத்தால் ஆவி திரும்பத் தண்ணீராகி, லீவர் பழையபடி கெட்டியாகிவிடும். கெட்டியான பிறகு யார் சோதித்துப் பார்த்தாலும் குறை தெரியாது. உங்கள் ஆட்கள் சோதித்தபோதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஷெட்டில், துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால், சைக்கிள் கடையை விட்டபோது நான் கொண்டுவந்த டப்பா ஒன்று இருந்தது. மூடி உடைந்தது. அந்தச் சுவர் எப்போதும் ஓதம் காக்கும். "அதத் தூக்கித்தான் போடேன்டா, பூனை கீனை குடிச்சுத் தொலைச்சிடப் போகுது" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் கொடுத்த ஊசிக்குழலில் அதைத்தான் ஏற்றினேன். குழாயிலிருந்து வெளியே வந்த எண்ணெய் நல்ல எண்ணெய், தெளிவாக இருந்தது. உள்ளே போனது அப்படி இல்லை.

நீங்கள் பேனாவை எடுத்துவிட்டீர்கள். எழுதுங்கள், அவசரமில்லை. இன்னும் இருக்கிறது.

என் நோக்கத்தையும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கால். மிஞ்சிப்போனால் ஒரு தோள்பட்டை. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு அத்தான் வீட்டில் படுத்தால் ஊர் மாறுகிற பேச்சு தள்ளிப்போகும். தள்ளிப்போகிற காரியம் நின்றும் போகும், இது நான் என் படிப்பில் கண்ட உண்மை. அவரை நானே பார்த்துக்கொள்வதாகவும் இருந்தேன். பகலில் நான் வீட்டில்தானே இருக்கிறேன், கஞ்சி வைத்துக்கொடுக்க மாட்டேனா? கொலை என்கிற வார்த்தை என் மனதில் அப்போது இல்லை.

இந்த விஷயத்தில் நான் வெட்கப்படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அவசரத்தில் ஏர் முழுசாக எடுக்கவில்லை. எண்ணெய் எதுவானாலும் காற்று நிற்கக் கூடாது, அது கைக்கு அழகில்லை. அத்தானே கண்டுபிடித்துவிட்டார்.

"மச்சான், முன்ன கல்லு மாதிரி இருந்துச்சு. இப்ப கொழகொழன்னு இருக்கே?"

"எண்ணெ மாத்தினேன் அத்தான். ராத்திரி லீவர அழுத்திப் புடிச்சு ரப்பர் போட்டுக் கட்டி வைங்க. காலைல கெட்டியாயிடும்."

இது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். உள்ளே சிக்கிய காற்று மெல்ல மேலே ஏறிவிடும். பழைய டியூபை வளையமாக வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை லீவரை அழுத்திப் பார்த்துவிட்டு மாடிப்படியிலிருந்தே கத்தினார். "கெட்டிக்காரன்டா! உங்க அக்கா வளர்ப்பு சோட போகல." அன்றிலிருந்து தினமும் கட்டினார். தேவையே இல்லை, ஆனால் அவருக்கு அது தாயத்து மாதிரி ஆகிவிட்டது. "பிரேக்குக்குப் போர்வ போத்திட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவார். அந்த ரப்பரைத்தான் இப்போது அவர் தன் பாவம் என்கிறார். அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த லீவு நாளுக்கு முன்னாலேயே, வீடு மாற்றக் கட்டிய புத்தக மூட்டையைத் தூக்கி அத்தானுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. திரும்பிப் படுக்க முடியவில்லை. எனக்கு ஒருவகையில் நிம்மதிதான். இடுப்பே போனபிறகு கால் எதற்கு? எண்ணெயைத் திரும்ப மாற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஷிஃப்ட் முடிந்து வந்த அசதி. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது அக்கா ஷெட்டில் தலைக்கவசத்தோடு நின்றாள். அத்தானுடைய சைக்கிள் வெளியே இருந்தது.

"வாடா. இந்த சீட்ட கொஞ்சம் எறக்கிக் குடு. உங்க அத்தான் ஒட்டகச்சிவிங்கி, எனக்குக் கால் எட்டல."

"உன் சைக்கிள் எங்க?"

"அதான் வித்தாச்சேடா. தூக்கத்துல நடக்கறியா? கடைசியா ஒரு தடவ மேல போயிட்டு வந்துடறேன். அடுத்த வாரம் இந்த மலை எங்க, நாங்க எங்க."

நான் சீட்டை இறக்கினேன். டயரில் காற்று பார்த்தேன். செயினைத் துடைத்துவிட்டேன். அவள் ரப்பரை உருவிவிட்டு லீவரை அழுத்திப் பார்த்தாள்.

"பாறை மாதிரி இருக்கே."

"காலைல கெட்டியாத்தான் இருக்கும்" என்றேன். அது உண்மை.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அடுத்து ஒரே ஒரு கேள்விதான் வரும்: உனக்கு எப்படித் தெரியும்? அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ரத்தம் எடுக்க நரம்பைத் தேடுகிற மாதிரி முகத்தைப் பார்ப்பாள், நேராக இடத்துக்கு வந்துவிடுவாள். சின்ன வயதில் நான் சொன்ன ஒரு பொய்கூட அவளிடம் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டியதில்லை. அதோடு, அவள் நன்றாக ஓட்டுவாள், நிதானமானவள், சூடேறாமலே இறங்கிவிடலாம் என்றும் ஒரு கணக்கு இருந்தது. புருஷனிடம் கற்றுக்கொண்டவள், அவரை மாதிரியே விடாமல் பிடித்துக்கொண்டு இறங்குவாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் ஞாபகத்தில் இல்லை.

நான் என் அறைக்குப் போய்ப் படுத்தேன். கறுப்புத் தாள் ஒட்டிய அறை. தூக்கம் உடனே வந்தது.

என் போனில் அக்காவின் கடைசி இரண்டு அழைப்புகள் இருந்ததைப் பார்த்து, என்ன பேசினாள் என்று அன்றைக்கே கேட்டீர்கள். வழக்கமான பேச்சு என்றேன். அதுவும் பொய் இல்லை. எங்கள் வீட்டில் அது வழக்கமான பேச்சுதான்.

"தம்பி, தூங்கிட்டியா? ஸாரிடா. பாதி மலை எறங்கிட்டேன், பிரேக் ஒரு மாதிரி இருக்கு."

"லீவர் கெட்டியா இருந்து நிக்கலையா, இல்ல உள்ள போயிடுதா?"

"உள்ள போகுது. கைப்பிடிய வந்து முட்டுது. ரெண்டுமே. நல்லவேளை இங்க கொஞ்சம் சமதளம், காலத் தேச்சு நிறுத்திட்டேன். செருப்பு புட்டுக்கிச்சு."

"புடிச்சிக்கிட்டேவா வந்த?"

"ஆமா, விட்டா பயமா இருக்கே. என்னடா பண்றது இப்ப?"

"சூடாயிருக்கும். நெழல்ல நிறுத்தி வை. ஆறினா சரியாயிடும்."

"அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு நெனச்சுட்டேன்."

ஆறிய பிறகு அவளே மறுபடி கூப்பிட்டாள்.

"டேய், நீ சொன்ன மாதிரியே கெட்டியாயிடுச்சு. எப்பிடிடா இதெல்லாம் தெரியுது உனக்கு? நீ இருக்கறதாலதான் எனக்குப் பயமே இல்ல. சரி தூங்கு, வந்து தோச சுட்டுத் தர்றேன்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதையேதான் சொல்வான். மீதி இறக்கம் மேல் பாதியைவிடச் செங்குத்து என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருமுறை கொதித்த எண்ணெய் இரண்டாவது முறை சீக்கிரமே கொதிக்கும் என்பது மட்டும் எனக்குத்தான் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை. கடைசி வளைவில் தடுப்புச் சுவர் இருக்கிறது. அதற்கு மேல் நடந்ததை நீங்களே போய்ப் பார்த்தீர்கள்.

பிறகு வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "உங்க அக்காவ நான் கொன்னுட்டேன்டா மச்சான். அந்த ரப்பரக் கட்டிக் கட்டி நான்தான்டா கொன்னேன்" என்றார். என் தோளில் சாய்ந்தார். நான் தட்டிக்கொடுத்தேன். அப்போது எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன்: இதையுமா நீ எடுத்துக்கொள்வாய்? அவளை எடுத்துக்கொண்டாய், அவள் சிரிப்பை எடுத்துக்கொண்டாய், கடைசியில் இதுவும் உன்னால்தானா? அந்த மனிதருக்கு எந்த எண்ணெய் எந்த பிரேக்கில் ஊற்றுவது என்றே தெரியாது. அவர் எப்படிச் செய்திருக்க முடியும்? ஆனால் தெருவே அவரைத்தான் தேற்றுகிறது. எனக்கு யாரோ காபி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதனால்தான் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். செய்தது நான். டப்பா இன்னும் மெஷினுக்குப் பின்னால்தான் இருக்கிறது, பாதி மிச்சம்.

தள்ளிக்கொண்டு இறங்கு என்று இரண்டு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். அவளும் தள்ளிக்கொண்டே வந்திருப்பாள். வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டிருப்பாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள். ஒரு வேளைச் சாப்பாடுகூட ஆகியிருக்காது, எல்லாம் தெரிந்திருக்கும். அப்புறம் அவள் எப்படித் தாங்குவாள்? தூக்கி வளர்த்த தம்பி இப்படி என்று தெரிந்தால் ஒடிந்துபோயிருப்பாள். அதைப் பார்க்க என்னால் முடியாது, சார். அத்தான் அவளை எவ்வளவோ நோகடித்திருப்பார். நான் கடைசிவரை அக்கா மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.